கோட்டு ஒட்டாத படம்

"வாயைத் திறந்து ஒண்டு கேட்டால் முத்தே உதிர்ந்துபோகப் போகுது?" என்று கேட்டார் அப்பா.

"ஆரிட்ட, என்னத்தைக் கேக்கிறது? முதல்ல இந்தக் கஞ்சியைக் குடியுங்கோ" என்றாள் கம்சிகா.

"ஆரிட்ட எண்டு உனக்குத் தெரியும்."

"ஆறப்போகுது, அப்பா."

"கடையில உப்பில்லாமல் சோறு வைச்சாலும் உப்புக் கேக்காமல் சாப்பிட்டிட்டு வாற பிள்ளை நீ. அபி எப்பிடியெண்டால், கேட்டால்தான் உப்பை எடுத்து நீட்டுவார். கேக்காட்டில், உனக்கு உப்புப் பிடிக்காதாக்கும் எண்டு பேசாமல் இருந்திடுவார். ரண்டையும் சேர்த்துக் கட்டிவைச்ச என்னைச் சொல்லவேணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதை விடு. மற்றது நினைவிருக்கே? எனக்குக் கோட்டு மட்டும் ஒட்டிப்போடாதேங்கோ" என்றார்.

அது ஆஸ்பத்திரியில், ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா குலசேகரம் இறந்துபோனார். இந்த ஊரில் நினைத்தவுடன் தகனத்துக்கு நாள் கிடைப்பதில்லை. பதினொரு நாள் காத்திருந்து, நாளை காலை பத்து மணிக்குத்தான் கிடைத்திருந்தது.

இன்று புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை. இல்ஃபோர்ட் வீட்டின் முன்னறையில், துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கால்களுக்கிடையே கம்சிகா முழங்காலில் நின்றபடி தொலைக்காட்சி மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, எதையும் துலைச்சிட்டியே?" என்று யாரோ மேலிருந்து கேட்டார்கள்.

"இல்லை மாமா, பெட்டியைப் பாக்கிறன்."

பெட்டி என்று அந்த வீட்டில் சொன்னால் அது ஒன்றுதான். சப்பாத்துப் பெட்டி அளவில், கறுப்பாக, தனக்கென்று திரை எதுவும் இல்லாமல், வீட்டு வைஃபை வழியாக மட்டும் திறக்கிற சேமிப்புப் பெட்டி. ஜெர்மனியில் எடுத்த முதல் படத்திலிருந்து போன பொங்கல் படம்வரை அப்பா எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைத்திருந்தார். "என்ர குடும்பத்துப் படத்தை ஏன் ஆரோ ஒருத்தன்ர வீட்டில வைக்கவேணும்?" என்பது அவர் கட்சி. முப்பது வருடம் மின்சார வேலை செய்த மனிதர். கண்ணால் காணாத இடத்தில் ஒன்றையும் நம்பமாட்டார்.

அதற்குள்தான் அந்தப் படமும் இருந்தது.

இறந்தவர்களின் அறிவித்தல்களை இணையத்தில் பார்ப்பது அப்பாவின் காலை வேலை. கடவுச்சீட்டுப் படத்தில் தலையை மட்டும் வெட்டி, அதற்குக் கீழே யாருடையதோ கோட்டுச் சட்டையையும் கழுத்தில் கட்டுகிற ரையையும் ஒட்டிவிடுவார்கள். "இஞ்ச பார், இவன் சீவியத்தில ரை கட்டினதில்லை. இப்ப பார், மந்திரி மாதிரி!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று தானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்குள் 'என்ர படம்' என்று தனிக் கோப்புறையில் வைத்தார். எந்தப் படம் என்று யாருக்கும் சொல்லவில்லை. நாளைக் கிரியைக்கு அச்சடிக்க, ஐந்து மணிக்குள் அது வெம்பிளியில் இருக்கும் சேகரின் அச்சகத்துக்குப் போயாகவேண்டும்.

பெட்டியில் ஒரு வெளிச்சம்கூட எரியவில்லை.

கம்சிகா வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். அது சுவர்வரைக்கும் போய், சுவரில் கொழுவப்படாமல் கம்பளத்தில் கிடந்தது. சுவரில் இருந்த ஒரே மின்செருகுத் துளையில், அப்பாவின் பழைய படமொன்றுக்கு முன்னால் பதினொரு நாளாக அணையாமல் எரிகிற பிளாஸ்டிக் குத்துவிளக்கின் வயர் கொழுவியிருந்தது.

"ஆர் இதைக் கழட்டினது?"

றோஸ்மலர் மாமி, அப்பாவின் தங்கை, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"நான்தான் கழட்டினனான். கார்ப்பெட் வீட்டில எண்ணெய் விளக்கைக் கொளுத்திப்போட்டுப் படுக்க ஏலுமே? அதுதான் கரண்ட் விளக்கு வாங்கிக்கொண்டு வந்தனான். உது என்னவோ மினுக்கு மினுக்கெண்டு சும்மா கிடந்துது."

"சும்மா கிடக்கேல்லை மாமி. உதுக்குள்ளதான் அப்பா முழுக்க இருக்கிறார்."

"ஐயோ, அண்ணை!" என்று மாமி ஒரு பாட்டம் அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற அம்மா சிவனேஸ்வரி வரவேண்டியதாயிற்று.

வேறொரு நீட்டுவயரைத் தேடிப்பிடித்துப் பெட்டியைக் கொழுவியதும் அது செருமிக்கொண்டு எழும்பியது. பச்சை வெளிச்சங்கள் வந்தன. கம்சிகா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பெட்டியைத் தேடினாள். 'காணவில்லை' என்றது கணினி. மறுபடி தேடினாள். காணவில்லை. ஒருவேளை உள்ளே படங்கள் பதிந்திருக்கும் தட்டுகள் பழுதாகிவிட்டனவோ?

அம்மா பக்கத்தில் வந்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை நீட்டினாள். "அப்பா எனக்கெண்டு எழுதி வைச்சவர். எனக்கு ஒரு இழவும் விளங்கேல்லை. நீ பார்."

'பெட்டி படுத்தால்' என்று தலைப்புப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதியது போல எழுதியிருந்தார். முதலில் வெளிச்சம் எரிகிறதா பார். எரிந்தது. வயரைக் கழற்றி, டிக் என்று சத்தம் கேட்கும்படி மறுபடி கொழுவு. கொழுவினாள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் ரவுட்டர் ஓர் இலக்கம் கொடுக்கும், பெட்டிக்கு மட்டும் எப்போதும் ஐம்பது, அபி கொடுத்தது. ஐம்பதைக் கூப்பிட்டுப் பார். கூப்பிட்டாள். பதில் வந்தது! ஆனால் கதவு திறக்கவில்லை. பதில் வந்தும் திறக்காவிட்டால், என்று அடுத்த வரி சொன்னது, பெட்டி படுத்திருந்த நேரம் பார்த்து ஐம்பதை வேறு ஆரோ எடுத்துவிட்டார்கள். ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் ஆர் என்று பார்.

அதற்குக் கீழே கடைசி வரி. 'இதுக்கும் சரிவராட்டில் அபியைக் கேள்.' பக்கத்தில் அபிஷனின் தொலைபேசி இலக்கம். மை பழையது. கடந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை அதை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

கம்சிகா கொப்பியை மூடினாள்.

இரண்டு வருடத்துக்கு முன், அவர்களுடைய ஈஸ்ட் ஹாம் வீட்டுக் குசினியில், அவள் கணவன் அபிஷன் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூரத்துக் கொவென்றி நகரத்தில் பெரிய வேலை, நல்ல சம்பளம். "நீர் சொல்லும் கம்சி. நான் போகவோ, நிக்கவோ?" என்று கேட்டான். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நில்லுங்கோ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. 'கேட்டு நிற்பாட்டினால், பிறகு ஒருநாள் உன்னால்தான் என்று சொல்லிவிடுவாரோ' என்று ஒரு மனம் சொன்னது. 'கேட்காமலே நிற்கவேண்டாமா ஒரு மனிதன்' என்றது மற்ற மனம். "உங்கட விருப்பம்" என்றாள். குழாயை நிற்பாட்டும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு போய்க் கடிதத்தில் கையெழுத்து வைத்தான். நீரும் வாரும் என்று அவனும் கேட்கவில்லை.

சண்டை பிடித்திருந்தாலாவது யாராவது சமாதானம் செய்திருப்பார்கள். சனி ஞாயிறுகளில் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு தீபாவளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவள் வீட்டை விட்டுவிட்டு, தான் வேலைசெய்யும் மருந்துக்கடைக்குக் கிட்ட என்று சாட்டுச் சொல்லி, அம்மா அப்பாவிடம் வந்து சேர்ந்தாள்.

"கம்சி," மாமி படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழையபடி. "ஐயர் திருப்பியும் ஃபோன் எடுத்தவர். நாளைக்குக் கிரியைக்கு இருக்கிறது ஆர், மருமகன் எங்கையெண்டு கேக்கிறார்."

"நான் இருக்கிறன் எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டன் மாமி."

"பொம்பிளைப் பிள்ளை..."

"அப்பாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை. அது நான்."

மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அவள் செய்வாள் மச்சாள். உங்கட அண்ணைக்கும் அதுதான் விருப்பம்" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கம்சிகா ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல் கொப்பியில் இருந்தது. உள்ளே போனால், சந்தை போல ஒரு பட்டியல். செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்க வைஃபை கேட்டு வாங்கியிருக்கிறது! நாற்பத்தொரு கருவிகள். அம்மாவின் அண்ணன் வாசுதேவன் மாமாவின் போன், மாமியின் போன், மாமியின் இன்னொரு போன், யாருடைய பிள்ளையுடையதோ ஒரு விளையாட்டுக் கருவி. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

ஐம்பது. அபிஷன்.

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இப்போது, இந்த நிமிடம், தொடர்பில் இருக்கிறது என்று பொருள்.

அவள் முதலில் நினைத்தது, இது பழைய பதிவு, ரவுட்டர் மறக்காமல் வைத்திருக்கிறது என்று. பக்கத்தைப் புதுப்பித்தாள். புள்ளி அப்படியே எரிந்தது. தலையை உயர்த்தி முன்னறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாப்பாட்டறையைப் பார்த்தாள். குசினியை எட்டிப் பார்த்தாள்.

"ஆரைத் தேடுறாய்?" என்று கேட்டாள் அம்மா.

"அம்மா, அபி... இஞ்சை எங்கையும் நிக்கிறாரோ?"

அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள். பிறகு வாசுதேவன் மாமாவைப் பார்த்தாள். மாமா யன்னலைப் பார்த்தார்.

"இப்பத்தானே உனக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. "ஒரு கிழமையா வாறார். மத்தியானம் வந்தால் பொழுதுபட்டுத்தான் போவார். அந்தக் கறுப்புக் கார். இது ஆருக்கெண்டு நினைச்சாய்?" கோப்பையைக் காட்டினாள். "வாசு அண்ணைதான் சிகரெட் பத்தப் போற சாட்டில கொண்டுபோய்க் குடுக்கிறவர்."

"நான் சிகரெட்டை விட்டு ஆறு வருசம்" என்றார் வாசுதேவன் மாமா, யன்னலைப் பார்த்தபடியே.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்திருப்பாய்?"

கம்சிகா மடிக்கணினியை மூடினாள்.

"உள்ளுக்கு வாங்கோ எண்டு நான் ரண்டு தரம் கேட்டனான்" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "செத்தவீட்டுக்கு ஆரும் வரலாம். வழிப்போக்கனும் வரலாம். ஆனால் தான் வந்தால் மருமகன் எண்டு முன்னுக்குக் கொண்டுபோய் இருத்திப்போடுவினமாம். அது கம்சிக்கு விருப்பமோ தெரியாது எண்டு சொல்லிப்போட்டார்."

கோப்பையை அம்மா நீட்டினாள். கம்சிகா வாங்கிக்கொண்டாள்.

தெருவில் மெல்லிய தூறல். நான்கு வீடு தள்ளி நின்றது கார். துக்கத்துக்கு வந்தவர்களின் வாகனங்கள் தெருவின் இருபுறமும் மூக்கும் வாலும் முட்ட நின்றன. அவன் கண்ணாடியை இறக்கினான். மெலிந்திருந்தான். சவரம் செய்திருக்கவில்லை. காரின் முன்கண்ணாடியில், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கவுன்சில் தருகிற பார்க்கிங் சீட்டு, இன்றைய திகதி அம்மாவின் கையெழுத்தில்.

"தேத்தண்ணி" என்றாள் கம்சிகா.

வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்தான்.

"மாமாவை ஆஸ்பத்திரியில வந்து பாத்தனான்" என்றான் அவன். "வியாழக்கிழமை. நீர் வரமுந்தி. உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு கேட்டனான்."

"சொல்லேல்லை. உப்பைப் பற்றித்தான் கதைச்சவர்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

"உங்கட ஃபோன் எங்கட வைஃபையில நிக்குது."

"ஓ." போனை எடுத்துப் பார்த்தான். "தானாப் பிடிச்சிட்டுது. பாஸ்வேர்ட் மாத்தேல்லைத்தானே."

"பெட்டியின்ர ஐம்பது உங்கட ஃபோனுக்குப் போட்டுது. மாமி பெட்டியைக் கழட்டி வைச்சிட்டா. இப்ப கொழுவினால் திறக்குதில்லை. அப்பாவின்ர படம் அதுக்குள்ள. அஞ்சு மணிக்குள்ள குடுக்கவேணும்."

அவன் முகம் சட்டென்று மாறியது. வேலை என்று வந்துவிட்டால் வருகிற முகம், அவளுக்குத் தெரிந்த முகம். "என்ர பிழை. அந்த இலக்கத்தை வேற ஆருக்கும் குடுக்காதே எண்டு ரவுட்டருக்குச் சொல்லி வைச்சிருக்கவேணும். பேந்து செய்வம் எண்டு மாமாவுக்குச் சொன்னனான். செய்யேல்லை." போனில் வைஃபையை அணைத்தான். "சரி. நீர் போய்ப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் போடும். ரண்டு நிமிசம் பொறுத்துத் திறந்து பாரும். வந்திடும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவள் உள்ளே போனாள். நிப்பாட்டினாள், போட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து, முன்னறையில் மாமி அப்பாவின் சின்ன வயதுக் குழப்படிகளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பதைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தாள். மூன்றாவது நிமிடம் பெட்டி திறந்தது.

'என்ர படம்.' உள்ளே ஒரே ஒரு படம்தான்.

இந்த வீட்டு வாசலில் எடுத்தது. அப்பா ஏணியின் நடுவில் நிற்கிறார். வெள்ளைத் தூசி படிந்த வேலைச் சட்டை, வாயில் ஒரு திருகாணி, அது விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. கீழ்மூலையில், ஏணியின் காலை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கை. கை மட்டும்தான். முழங்கைக்கு மேலே படத்தில் இல்லை. கல்யாணத்துக்குக் கம்சிகா வாங்கிக்கொடுத்த மணிக்கூடு அந்தக் கையில் இருந்தது. கணவனுக்கு அவள் கொடுத்த முதல் பொருள்.

அவள் படத்தை அனுப்பினாள். பத்து நிமிடத்தில் சேகர் கூப்பிட்டான்.

"அக்கா, படம் வந்திட்டுது. நல்ல தெளிவு. ஆனால் வாயில என்னவோ இருக்கு."

"அது திருகாணி."

"எடுத்து விடவோ?"

"வேண்டாம்."

"கோட்டு ஒண்டு போட்டு விடுவமே? நேவி புளூ இருக்கு. இந்த முகத்துக்கு எடுப்பா இருக்கும்."

"தம்பி, கோட்டு ஒட்டினால் அப்பா எழும்பி வந்து உங்கட கடையில இருப்பார். பேந்து உங்கட பாடு."

சேகர் சிரித்துவிட்டு, செத்தவீட்டில் சிரித்துவிட்டோமே என்று பதறிப்போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றான். "சரி, கோட்டு இல்லை. கீழ மூலையில ஒரு கை தெரியுது. அதையாவது வெட்டுறன், என்ன?"

கம்சிகா திரையில் அந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"வெட்டாதேங்கோ. அது இல்லாட்டில் அவர் விழுந்துபோவார்."

போனை வைத்தபோது தெருவில் ஒரு கார் இயங்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவள் செருப்பைத் தேடவில்லை. மாமியின் செருப்பில் ஒன்றும் யாருடையதோ ஒன்றுமாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்னால் அம்மா, "ஈரம் பிள்ளை, பாத்து!" என்றது காதில் விழுந்தது.

காரின் துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன. வெற்றுக் கோப்பையை யன்னலால் நீட்டினான் அபிஷன்.

"வந்திட்டுதே?"

"வந்திட்டுது. அனுப்பியாச்சு."

"நல்ல படமோ?"

"நல்ல படம்."

"வேற ஏதும் செய்யவேணுமே? மண்டபத்துக்குக் கதிரை, ஐயருக்கு வாகனம், ஏதும்..."

"இல்லை. எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. கிரியைக்கு நான் இருக்கிறன். ஒண்டும் தேவையில்லை."

"ஓம்." தலையாட்டினான். "அந்த இலக்கத்தை ஒதுக்கி வைக்கிற வேலை அவசரமில்லை. தெரிஞ்ச ஆரையும் பிடிச்சுச் செய்விக்கலாம். நானும் நாளைக்கு மண்டபத்துக்கு வருவன். பின்னுக்கு நிப்பன்."

அப்போது அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே நான்கைந்து பேர், மடியில் சாப்பாட்டுத் தட்டங்களோடு. ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, எடுக்கப்போறியளே? மூண்டு தரம் சுத்தி வந்திட்டம், ஒரு இடமும் இல்லை."

"ஓம் அண்ணை, எடுக்கிறன்" என்றான் அபிஷன். கியரில் கையை வைத்தான். "தள்ளி நில்லும் கம்சி, நனையிறீர்."

அவள் தள்ளி நிற்கவில்லை. யன்னல் விளிம்பில் கையை வைத்தாள். படம் போய்விட்டது. பெட்டி திறந்துவிட்டது. நாளைக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. அவனை மறிப்பதற்கு அவளிடம் இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை.

வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இவர் எடுக்கேல்லை. அடுத்த தெருவில பாருங்கோ" என்றாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இருந்த அம்மாக்களில் ஒருவர் அவர் தோளில் தட்டி என்னவோ சொன்னார். கார் மெதுவாக நகர்ந்து போனது.

அபிஷன் கியரிலிருந்து கையை எடுத்திருந்தான். துடைப்பான்கள் மட்டும் அங்குமிங்கும் போய்வந்தன. தூறல் அவளுடைய நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"நில்லுங்கோ, அபி" என்றாள். "இண்டைக்கு எண்டு இல்லை. எப்பவும். என்னோட நில்லுங்கோ."